வேண்டுமென்றே புரியாதபடி சி மொழியில் நிரல் எழுதுவது வீண் வேலையா? (இந்திய வரைபடம், புள்ளிக் கோலம், ழகரம்)

கேள்வி: 2 ஜனவரி

பலதுறைத் தொழிற்கல்லூரியில் இரண்டாம் ஆண்டு படிக்கும் தம்பி ஒருவர் கேட்டது, அப்படியே:

"அண்ணே, இந்தியா மேப் அச்சடிக்கும் நாலு வரி சி நிரல் வாட்ஸ்அப்பில் வந்தது. ஜிசிசி 14இல் போட்டேன், கம்பைல் ஆகவில்லை. கண்ணால் படித்தாலும் ஒன்றும் புரியவில்லை. எங்களுக்கு வகுப்பில் தெளிவாக எழுது, பெயர் ஒழுங்காக வை என்று சொல்லிக் கொடுக்கிறார்கள். இதை எழுதியவர்கள் எதற்காக நேரத்தை வீணாக்குகிறார்கள்? இதில் கற்றுக்கொள்ள ஏதாவது இருக்கிறதா, இல்லை வெறும் பந்தாவா?"

2 ஜனவரி, இரவு 10.40

ஜிசிசி, அதாவது சி நிரலை இயந்திர மொழிக்கு மாற்றும் கம்பைலர், இதை ஏற்காததற்குக் காரணம் சின்னது. அந்த நிரலில் மெயினுக்கு (நிரல் ஓடத் தொடங்கும் செயற்கூறு) முன்னால், அது திருப்பித் தருவது முழு எண் என்று சொல்லும் 'இன்ட்' இல்லை. எழுத்தை வெளியே தள்ளும் புட்சார் எங்கே இருக்கிறது என்றும் சொல்லவில்லை. பழைய சி இரண்டையும் பொறுத்துக்கொண்டது. 1999 தரத்திலேயே இரண்டையும் நீக்கிவிட்டார்கள், ஆனாலும் ஜிசிசி பல வருடம் எச்சரித்துவிட்டு விட்டுக்கொண்டிருந்தது. 2024இல் வந்த 14ஆம் பதிப்பிலிருந்து அது பிழை. 89ஆம் ஆண்டு ஜிஎன்யு பாணியைக் கேட்கும் தெரிவை (-std=gnu89) கொடுத்துப் பாருங்கள், ஓடும்.

பந்தாவா என்றால், இல்லை. விரிவாக எழுதுகிறேன், இப்போது சிங்கப்பூரில் உட்லண்ட்ஸ் ரயிலில் இருக்கிறேன்.

2 ஜனவரி, இரவு 11.55

2003. திருச்சியில் கல்லூரி ஆய்வகம், டர்போ சி நீலத் திரை. இதே நிரலை ஒரு சீனியர் தட்டி ஓட்டினார். கருப்புத் திரையில் ஆச்சரியக்குறிகளாலேயே காஷ்மீரில் தொடங்கி கன்னியாகுமரி வரை இறங்கியது. நிரலில் எங்கேயும் வரைபடம் இல்லை. ஒரு நீண்ட சரம் (எழுத்துகளின் வரிசை), இரண்டு வளையம் (திரும்பத் திரும்ப ஓடும் பகுதி), அவ்வளவுதான். ஒரு தாளில் எழுதி எடுத்துக்கொண்டு விடுதிக்குப் போனேன். பிரித்து முடிக்க மூன்று நாள் ஆனது. அந்த மூன்று நாளில் கற்ற சி, அந்த முழுப் பருவத்தில் கற்றதைவிட அதிகம். அதனால்தான் இந்தக் கேள்வியை ஒரு வரியில் பதில் சொல்லி விட்டுவிட எனக்கு மனமில்லை.

பிரித்துக் காட்டுகிறேன். மாறிகளின் பெயரை அ, ஆ, இ என்று மாற்றிக்கொள்கிறேன்.

ஆ, இ இரண்டும் 10இல் தொடங்குகின்றன. வெளி வளையம் சரத்திலிருந்து ஒரு எழுத்தை அ-வில் எடுக்கிறது. எந்த இடத்திலிருந்து?

ஆ+++21

மூன்று கூட்டல் குறி. கம்பைலர் எப்போதும் எவ்வளவு நீளமான குறியை விழுங்க முடியுமோ அவ்வளவை விழுங்கும், ஆகவே இது (ஆ++) + 21, அதாவது ஆ-வோடு 21ஐக் கூட்டு, பிறகு ஆ-வை ஒன்று ஏற்று. முதல் தடவை, 0இலிருந்து எண்ணினால், 31ஆம் இடம். சரத்தின் தொடக்கத்தில் வாழ்த்து போலவும் வேறு ஏதோ போலவும் தெரிகிற சொற்கள் இருக்கும், பார்த்தீர்களா? அவை சரியாக 31 எழுத்து. ஒன்றுகூட படிக்கப்படுவதில்லை. கண்ணைத் திருப்ப வைத்தவை.

அதற்குப் பிறகு வருவதுதான் படம். ஒவ்வொரு எழுத்தின் ஆஸ்கி எண்ணில் (கணினி அந்த எழுத்துக்கு வைத்திருக்கும் எண்) 64 கழித்தால் ஒரு நீளம் கிடைக்கும். பெரிய கியூ 17, பெரிய ஜே 10, சிறிய யு 53. 17 இடைவெளி, 10 ஆச்சரியக்குறி, 53 இடைவெளி. கூட்டினால் 80. பழைய திரையின் ஒரு வரி.

எதை அச்சிடுவது என்று தீர்மானிப்பது இது:

33^ஆ&1

33 என்பது ஆச்சரியக்குறி, 32 இடைவெளி. 33-ஐ ஆ-வோடு எக்ஸார் செய்து (^ குறி: இரும எண்களாக ஒப்பிட்டு, வேறுபடும் இலக்கங்களை மட்டும் 1 ஆக்குவது) கடைசி பிட்டை, அதாவது கடைசி இரும இலக்கத்தை, எடுக்கிறது. சரத்திலிருந்து எடுக்கும் ஒவ்வொரு எழுத்துக்கும் ஆ ஒன்று கூடுவதால் இடைவெளி, குறி, இடைவெளி என்று மாறி மாறி வரும்.

3 ஜனவரி, காலை 7.10

நேற்று எழுதிய கடைசிப் பத்தி தவறு. எக்ஸாரை முதலில் செய்தால் கிடைப்பது 0 அல்லது 1, திரையில் எதுவுமே தெரியாது. சி-யில் & முதலில், ^ பிறகு. ஆகவே 33^(ஆ&1). ஆ ஒற்றையானால் 32, இரட்டையானால் 33. தூக்கக் கலக்கத்தில் எழுதினேன். அடைப்புக்குறி போடாமல் விட்டதே படிப்பவரை இங்கே இடறச் செய்யத்தான், 20 வருடம் கழித்தும் இடறியிருக்கிறேன்.

ஒன்றைச் சொல்லாமல் விட்டேன். ஒரு வரிக்கு மூன்று நீளம் என்றால் அடுத்த வரி இடைவெளியில் தொடங்காமல் குறியில் தொடங்கிவிடும். அதற்காகத்தான் இடையிடையே வெற்றிடம், நட்சத்திரம், சாய்கோடு, அடைப்புக்குறி எல்லாம் வருகின்றன. அவற்றின் எண் 64ஐவிடக் குறைவு, உள் வளையம் ஒரு தடவைகூட ஓடாது. எதையும் அச்சிடாமல் ஆ-வை மட்டும் ஒன்று நகர்த்திவிட்டுப் போகும். பார்ப்பதற்கு அசட்டையாகத் தூவினது போல இருக்கும் ஒவ்வொரு குறியும் ஒரு வேலை செய்கிறது. அன்று விடுதியில் மூன்றாம் நாள் இரவு இது புரிந்தபோது எழுந்து நின்றுவிட்டேன்.

3 ஜனவரி, மதியம் 1.05

"வரி எங்கே உடைகிறது?" என்று தம்பி கேட்டிருக்கிறார். இ 10இல் தொடங்கி, திரையில் அச்சிடும் ஒவ்வொரு எழுத்துக்கும் ஒன்று கூடும். ஆங்கிலத்தின் கடைசிப் பெரிய எழுத்து இசட், அதன் எண் 90. இ 90ஐத் தொட்டதும் 9ஆல் வகுக்கிறார்கள், 10 வருகிறது. வரிமுறிவின் எண்ணும் 10, இ-யின் தொடக்க எண்ணும் 10. ஒரே வகுத்தலில் இரண்டு காரியம். ஆகவே 80 என்று நான் சொன்னதில் 79 எழுத்து, ஒரு வரிமுறிவு.

யார் முதலில் எழுதினார்கள் என்றும் கேட்டார். அதற்குள் போக வேண்டாம், எழுதியவரின் கை எப்படி வேலை செய்திருக்கிறது என்பது நிரலிலேயே இருக்கிறது.

4 ஜனவரி

இந்தக் கலைக்கு ஒரு போட்டியே இருக்கிறது. ஐஓசிசிசி, குழப்பமான சி நிரல்களுக்கான பன்னாட்டுப் போட்டி. 1984இல் லாண்டன் கர்ட் நோலும் லாரி பாசெலும் தொடங்கியது. ஸ்டீவன் போர்ன் எழுதிய யூனிக்ஸ் ஷெல்லின் (கட்டளைகளை வாங்கி இயக்கும் நிரல்) மூலநிரலைப் படித்து அதிர்ந்ததும் அவர்களுக்கு ஒரு தூண்டுதல். மேக்ரோக்களை (ஒரு பெயருக்குப் பதில் வேறு நிரல்துண்டை நிரப்பும் சுருக்கங்கள்) வைத்து சி-யை அல்கால் மொழி போல மாற்றி அவர் எழுதியிருந்தார்.

முதல் வருடப் பரிசுகளில் ஒன்றில் மெயின் என்பது செயற்கூறே இல்லை, எண்களின் வரிசை. அந்த எண்கள் நேரடி இயந்திரக் கட்டளைகள். சிரிப்பு முகக் குறி ஒன்று திரையில் நகரும். அதன்பின் ஒரு குறிப்பிட்ட இயந்திரத்தில் மட்டும் ஓடுகிறவற்றை விதி கட்டித் தடுத்தார்கள். அதே வருடம் பெயர் சொல்லாத ஒருவர் அனுப்பியதில் 0 வேண்டிய இடத்தில்

'-'-'-'

என்றும், 1 வேண்டிய இடத்தில்

'/'/'/'

என்றும் இருக்கும். கழித்தல் குறியிலிருந்து கழித்தல் குறியைக் கழித்தால் 0. சாய்கோட்டைச் சாய்கோட்டால் வகுத்தால் 1. கொஞ்சநேரம் உற்றுப் பாருங்கள்.

எனக்கு மிகவும் பிடித்தது 1988இல் பிரையன் வெஸ்ட்லி அனுப்பியது. மூலநிரலே அடிக்கோடுகளாலும் கழித்தல் குறிகளாலும் வரைந்த வட்டம். ஓட்டினால் அந்த வட்டத்தின் பரப்பையும் விட்டத்தையும் எண்ணிப் பை-யின் மதிப்பைச் சொல்லும். துல்லியம் கூட வேண்டுமா, வட்டத்தைப் பெரிதாக வரை. தம்பியின் கம்பைல் பிரச்சினைக்கும் இதற்கும் உறவு உண்டு. கம்பைலுக்கு முன் ஓடும் பழைய முன்செயலி மேக்ரோவை வெறும் எழுத்தாக ஒட்டியதால் அடுத்தடுத்து வந்த இரண்டு கழித்தல் குறிகள் சேர்ந்து 'ஒன்று குறை' என்று ஆயின. சி-யின் 1989 அன்சி தரத்தில் அப்படி ஒட்டாது. எழுதியபடியே இன்று ஓட்டினால் 3.141க்குப் பதில் 0.250 வரும்.

4 ஜனவரி, பின்னிரவு

"அப்போ வேலையிடத்தில் இப்படி எழுதலாமா" என்று இன்னொருவர். கூடாது.

2007இல் சிங்கப்பூர் வந்த புதிதில் ஒரு நிறுவனத்தில் அறிக்கை அச்சிடும் பகுதியில் எக்ஸார் தந்திரம் ஒன்றை வைத்தேன், மூன்று வரியை ஒன்றாக்கினேன். நான் விடுப்பில் ஊருக்குப் போயிருந்த வாரம் அது இடறியது. சக ஊழியர் ஒருவர் இரவு 2 மணி வரை உட்கார்ந்து பிரித்திருக்கிறார், வீட்டில் கைக்குழந்தை. திரும்பி வந்ததும் அவர் என்னைத் திட்டவில்லை. கோப்பிக்கடையில் உட்கார வைத்து, "இந்த வரி என்ன செய்கிறது, எனக்குச் சொல்லிக் கொடு" என்றார். சொன்னேன். அன்றைக்கே மூன்று வரியாகத் திருப்பி எழுதினேன். அலுவலக நிரலில் அதற்குப் பிறகு ஒரு தந்திரமும் வைத்ததில்லை.

படிக்கிறவர் தானாக வந்து உட்கார்ந்த இடத்தில்தான் புதிர் போடலாம். கட்டாயத்துக்குப் படிக்கிறவர்முன் போடக்கூடாது.

6 ஜனவரி

பேச்சை விட்டுவிட்டு ஒன்று எழுதிக் காட்டுங்கள் என்கிறார்கள். சரி. பொங்கல் வருகிறது, புள்ளிக் கோலமும் கீழே ஒரு வாழ்த்து வரியும்.

கோலத்தின் புள்ளிகளுக்கு ஒரே வளையம் போதும். க 0இலிருந்து 89 வரை. க/10 வரிசை, க%10 (10ஆல் வகுத்த மீதி) நெடுவரிசை. மீதி 9 வந்தால் வரிமுறிவு. நடு (4,4). நடுவிலிருந்து வரிசையில் விலகிய தூரத்தையும் நெடுவரிசையில் விலகிய தூரத்தையும் கூட்டி 4ஐத் தாண்டாவிட்டால் புள்ளி.

எழுதும்போது ஒன்று கண்ணில் பட்டது. வரிமுறிவு 10. இடைவெளி 32. நட்சத்திரம் 42. அதாவது

32|10

என்பதே நட்சத்திரம். 10க்கும் 32க்கும் பொதுவான பிட் ஒன்றுகூட இல்லை, ஒன்றன்மேல் ஒன்றை வைத்தால் 42. ஆகவே நட்சத்திரக் கோலத்துக்குத் தேவையான மூன்று எழுத்தும் இரண்டு எண்ணுக்குள் அடங்கிவிடுகின்றன. நிபந்தனையின் விடையை 10ஆல் பெருக்கி 32உடன் சேர், அவ்வளவே. இதை யாரும் எனக்குச் சொல்லவில்லை. காலையில் இருந்து சந்தோஷமாக இருக்கிறேன்.

6 ஜனவரி, இரவு

அம்மா திரையைப் பார்த்தார். "இது நேர்ப்புள்ளி. 9இல் ஆரம்பிச்சு 1இல் முடியுது. சிக்குக் கோலத்துக்கு ஊடுபுள்ளி வை" என்றார்.

ஊடுபுள்ளி என்றால் மேல் வரியின் இரண்டு புள்ளிக்கு நடுவில் கீழ் வரியின் புள்ளி. நிரலில் ஒரே ஒரு நிபந்தனை கூடுதல்: வரிசை எண்ணும் நெடுவரிசை எண்ணும் கூட்டி இரட்டையாக வர வேண்டும். வந்தது இது:

```
    *
   * *
  * * *
 * * * *
* * * * *
 * * * *
  * * *
   * *
    *
```

"5 புள்ளி, ஊடுபுள்ளி, 1 வரை" என்று அம்மா சொன்னதை நான் சி-யில் சொல்ல ஒரு வரி எடுத்தது. அவர் சொன்னது அதைவிடச் சுருக்கம். சென்னைக் கிறித்தவக் கல்லூரியில் கிஃப்ட் சிரோமணியும் ராணி சிரோமணியும் கமலா கிருத்திவாசனுடன் சேர்ந்து 1974லேயே கோலத்தை வரிசை இலக்கணங்களாக எழுதி ஆய்விதழில் வெளியிட்டார்கள். கணினியியல் படிக்கிற தமிழ்ப் பிள்ளைகள் அதைத் தேடிப் படிக்க வேண்டும்.

9 ஜனவரி

வாழ்த்து வரியில் மூன்று நாள் போய்விட்டது. முழுவதும் எழுதுகிறேன், இதுதான் இந்த இழையில் உருப்படியான பகுதி.

உலக மொழிகளின் எழுத்துகளுக்கு எண் தரும் யூனிகோடில் தமிழுக்கு 2944 முதல் 3071 வரை 128 இடம். அந்த எண்ணைக் கோப்பில் சேமிக்கும் யுடிஎஃப்-8 முறையில் ஒவ்வொன்றும் மூன்று பைட்: முதலாவது எப்போதும் 224, இரண்டாவது 174 அல்லது 175, மூன்றாவது 128க்கும் 191க்கும் நடுவில். 128 இடம் என்றால் 7 பிட். ஆகவே ஒரு தமிழ்க் குறியை ஒரே ஆஸ்கி எழுத்தில் ஒளித்து வைக்கலாம், மூன்று பைட்டையும் ஓடும்போது கட்டிக்கொள்ளலாம். 2944இலிருந்து எத்தனையாவது இடம் என்று பார்த்து, அதோடு ஒரு எண்ணைக் கூட்டி, அச்சிடத்தக்க எழுத்தாக்க வேண்டும். 32 கூட்டினால், சரத்தை முடித்துவிடும் மேற்கோள் குறிக்குப் பக்கத்தில் போய்விடுமே என்று பயந்து 40 என்று வைத்தேன்.

"பொங்கல் நல்வாழ்த்துகள்." கம்பைலர் நின்றது. சரத்துக்குள் பின்சாய்கோடும் யு-வும் வந்திருக்கின்றன, அதன்பின் பதினாறடிமான இலக்கம் எங்கே என்று கேட்டது.

ழகரம் 52ஆவது இடம். 40 கூட்டினால் 92. 92 பின்சாய்கோடு, சி-யில் அடுத்த எழுத்தோடு சேர்ந்து தனிப்பொருள் பெறும் குறி. மெய்ப்புள்ளி 77ஆவது இடம், 117, சிறிய யு. 'ழ்' என்று எழுதிய இடமெல்லாம் சி-க்கு யூனிகோட் எண் தொடங்குகிற அறிவிப்பாகிவிட்டது. தமிழ் என்ற சொல்லையே அதில் எழுத முடியாது.

ஒன்று நகர்த்தி 41 வைத்தேன். கம்பைல் ஆனது, எச்சரிக்கைகூட இல்லை. தொடக்கநிலை 5 படிக்கும் மகள் பின்னால் நின்று படித்துவிட்டு, "அப்பா, வாழ்த்துகள்ல ள் இல்ல, கட்டம் இருக்கு" என்றாள். இப்போது பின்சாய்கோடாக ஆனது ளகரம். மெய்ப்புள்ளி சிறிய வி. இரண்டும் சேர்ந்தால் சி-யில் செங்குத்துத் தாவல் என்ற ஒரே எழுத்து. சட்டப்படி சரியானது, அதனால் கம்பைலர் வாயைத் திறக்கவில்லை. முதல் பிழை சத்தம் போட்டது, இரண்டாவது அமைதியாகத் தின்றுவிட்டது. பயப்பட வேண்டியது இரண்டாவதற்கு.

42 வைத்தால் லகரம் போகிறது. டபிள்யூ-வோடு சேரும் பின்சாய்கோட்டுக்கு சி-யில் பொருளில்லை, ஜிசிசி எச்சரித்துவிட்டு சாய்கோட்டை உதிர்த்துவிடும். திரையில் "பொங்க் ந்வாழ்த்துகள்". 43இல் றகரமும் எக்ஸும், 'ற்' வரும் சொல்லில் மறுபடி பிழை.

மகளுக்குப் பள்ளியில் ல, ள, ழ வேறுபாடு இந்தப் பருவத்தில்தான் நடக்கிறது. 42, 41, 40 என்று மூன்றையும் போட்டுக் காட்டினேன். ஒவ்வொன்றிலும் எந்த எழுத்து இடறியது என்று அவளே சொன்னாள்.

10 ஜனவரி

தம்பி கண்டுபிடித்துவிட்டார். 32ஐயே வைத்திருக்கலாம்! 32 கூட்டினால் பின்சாய்கோட்டில் உட்காருவது 60ஆவது இடம், அங்கே யூனிகோடில் தமிழ் எழுத்தே இல்லை. ஹகரத்துக்கும் கால்குறிக்கும் நடுவில் நாலு இடம் காலி. மேற்கோள் குறியில் உட்காருவது 2ஆவது இடம், தமிழ் எழுதும்போது அதை யாரும் தொடுவதில்லை. நான் பயந்தது இல்லாத ஆபத்துக்கு. அவர் 128 இடத்தையும் அட்டவணை போட்டுப் பார்த்திருக்கிறார், நான் போடவில்லை.

32இல் மெய்ப்புள்ளி எப்போதும் சிறிய எம். ககரம் 5, ஙகரம் 9. 'ங்க' என்பது 9, எம், 5 என்று சரத்தில் கிடக்கும். சொற்களுக்கு நடுவில் வரும் இடைவெளியை மட்டும் தனியாகக் கவனித்து அப்படியே விட வேண்டும்.

10 ஜனவரி, சற்றுப் பின்

மேலே அ, ஆ, இ என்று பெயர் வைத்தது விளக்கத்துக்குத்தானா என்று கேட்டார்கள். அப்படியே எழுதினாலும் கம்பைல் ஆகும். 2020இல் வந்த ஜிசிசி 10 முதல் யுடிஎஃப்-8 பெயர்களை நேரடியாக ஏற்கிறது. புரியாமல் எழுத அல்ல, தெளிவாக எழுதவும் இது உதவும். மகளுக்குச் சொல்லிக் கொடுக்கும்போது மாறிகளுக்குத் தமிழ்ப் பெயர்தான் வைக்கிறேன்.

13 ஜனவரி

தம்பி வரைபடச் சரத்தை ஒரு எழுத்து விடாமல் பிரித்து அனுப்பியிருக்கிறார். என் கணக்கில் இன்னொரு ஓட்டை: முதல் வரி 20, 6, 57. கூட்டினால் 83. நான் எல்லா வரிக்கும் 80 என்று எழுதிவிட்டேன். அந்த மூன்று இடைவெளி அடுத்த வரியின் தலையில் விழுகிறது, அதனால் 17 என்று இருக்கிற இடது விளிம்பு திரையில் 20 ஆகிறது. அவருடைய அட்டவணை என் 2003 தாளைவிட நன்றாக இருக்கிறது.

வீண் வேலையா என்ற கேள்வியை அவர் திரும்பக் கேட்கவில்லை.

பொங்கலன்று, காலை

அம்மா விடிவதற்கு முன்னால் எழுந்து, நிரல் அச்சிட்ட தாளைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, வீட்டு வாசல் நடைபாதையில் அரிசி மாவால் 25 புள்ளி வைத்தார். எதிர் வீட்டு மலாய்ப் பாட்டி கதவைத் திறந்து நின்று பார்த்தார். புள்ளி வைக்க இரண்டு நிமிடம். பிறகு அம்மா தாளை என்னிடம் கொடுத்துவிட்டார், அதில் கோடு இல்லையே. கை எடுக்காமல் ஒரே இழையாக 25ஐயும் சுற்றி வளைத்துத் தொடங்கிய இடத்துக்கே கொண்டுவந்து சேர்த்தார்.

அந்த இழையை எண்களாகச் சரத்துக்குள் வைக்க வேண்டும். எந்தப் புள்ளியில் வலப்பக்கம், எதில் இடப்பக்கம் என்று நின்று குறித்துக்கொண்டேன். கோடு ஆரம்பித்தது நடு வரியின் இடது ஓரப் புள்ளியில், என் வளையத்தில் க-வின் மதிப்பு அங்கே 40.